ஊட்டியா ராமேஸ்வரமான்னு அப்பறம் பாப்போம், மொதல்ல ஜூன் ஃபீஸை எடுத்து வைங்க

கேள்வி: அக்கா, நாங்க காரைக்குடி. வீட்டுக்காரருக்கு மாசம் 38,000 சம்பளம். பையனுக்கு 11 வயசு, பாப்பாவுக்கு 4, மாமியாரும் எங்ககூடதான் இருக்காக. போன மே லீவுல ஊட்டி போனோம், 30,000 ரூபா கிரெடிட் கார்டுல போச்சு. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்ட காசில்ல, என் வளையலை அடகு வச்சோம், கார்டு பாக்கி தீபாவளி வரைக்கும் இழுத்துச்சு. இந்த வருஷமும் போகணும்னு பையன் கேக்குறான், முடியாதுன்னு சொல்ல மனசு வரல. என்ன பண்ணலாம்?

பதில்: முடியாதுன்னு சொல்லாதீங்க தங்கச்சி. புள்ளைங்களுக்கு வருஷத்துல ஒரு தடவையாச்சும் வீட்டை விட்டு வெளிய போய் நாலு இடம் பாக்கணும், அது ஒண்ணும் ஆடம்பரம் கிடையாது. ஆனா நீங்க போன வருஷம் பண்ணது என்னன்னா, மொதல்ல ஊரை முடிவு பண்ணிட்டீங்க, அப்பறம் காசைத் தேடுனீங்க. காசை முடிவு பண்ணிட்டு ஊரைத் தேடணும். மே மாசம் டூருக்குப் பின்னாடியே ஜூன் மாசம் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூன்னு வரிசையா நிக்கும், அதனால டூர் காசுன்னு ஒண்ணு உண்டான்னு தெரியணும்னா அந்த ஜூன் கணக்கை மொதல்ல எழுதி அந்தப் பணத்தை தனியா ஒதுக்குங்க, அதுக்கு மேல மிச்சம் நிக்குறதுதான் டூர் காசு.

கார்டு கணக்கையும் சொல்லிர்றேன். பல கார்டுல பாக்கிக்கு மாசத்துக்கு நூத்துக்கு மூணு, மூணரைன்னு வட்டி போடுறாக, மூணரைன்னு வச்சா 30,000க்கு மொத மாசமே 1,050 ரூபா, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு வந்தா அசல் அசையவே அசையாது. நம்ம ஊர்ல நகைக்கடன் வட்டியை பைசா கணக்குல பேசித் தெரிஞ்சுக்கிட்டுதான் வைப்போம், கார்டை மட்டும் என்ன வட்டின்னு கேக்காமலே தேச்சிர்றோம். "இப்ப போங்க, அப்பறம் கட்டுங்க"ன்னு ஆப்புல வர்ற டூர் லோனும் அதே கதைதான். அப்படியே எடுத்தாலும் 2024 அக்டோபர்ல இருந்து புது லோன் எதுக்கும் எல்லா செலவும் சேத்து வருஷ வட்டி எவ்வளவுன்னு ஒரு தாள்ல காட்டியாகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அந்தத் தாளைப் படிக்காம ஓடிபி சொல்லாதீங்க.

நான் எங்க வீட்ல பண்றதை சொல்றேன். ஜூலையில இருந்து ஏப்ரல் வரைக்கும் 10 மாசம், மாசம் 1,800 போட்டா 18,000. சம்பளம் வந்த அன்னைக்கே பேங்க்ல ஆர்டிக்கு, அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்புக்கு, தானா புடிச்சுக்கும். அதுபோக அடுப்படியில ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கு, மூடியில சின்னவன் மார்க்கர்ல 'டூர்'னு எழுதி ரயில் படம் போட்டுருக்கான், சந்தைக்குப் போயிட்டு வந்த சில்லறை, ஐயா அப்பத்தா கையில குடுக்குற காசு எல்லாம் அதுல போயிரும். சிலிண்டருக்கு நான் அதுல 500 எடுத்தேன்னா ஒரு சீட்டுல தேதி போட்டு எழுதி உள்ள போட்டாகணும்னு புள்ளைங்க வச்ச ரூலு. ஒரு வருஷம் திறந்து பாத்தா சீட்டாவே கிடந்துச்சு, அந்த வருஷம் ஒரு நா மட்டும் போயிட்டு வந்தோம், ஆனா ஏன்னு கேட்டு யாரும் அழல, சீட்டெல்லாம் அவங்களே கூட்டிப் பாத்தாங்க. பையனுக்கு 11 வயசுங்குறீங்களே, அவனை உக்கார வச்சு கணக்கைக் காட்டுங்க, நல்லாவே புரியும்.

மாசாமாசம் கட்டுற ஏலச்சீட்டு போட்டும் சேக்கலாம், ஆனா 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பண்ண இடத்துல மட்டும். தெரிஞ்சவுகன்னு நம்பி குடுத்துட்டு ஏப்ரல்ல போய் வாசல்ல நிக்கக்கூடாது.

இப்ப செலவு எங்க குறையும்னு பாப்போம். ரயில்ல முன்பதிவு 120 நாள் முன்னாடி இருந்துச்சு, 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாள்தான். மே 10 கிளம்பணும்னா மார்ச் 11 காலையில 8 மணிக்கு திறக்கும். நம்ம ஊருக்கு அது மாசி பங்குனி, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நேரம், வீடு நெறைய விருந்தாளி இருப்பாக, டிக்கெட்டு ஞாபகமே வராது, அதனால காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வைங்க. விட்டுட்டா தட்கல், அதுக்கு தனி சார்ஜ், ஆன்லைன்ல ஆதாரும் இணைச்சிருக்கணும். 4 வயசு பாப்பாவுக்கு தனி பெர்த் கேக்கலைன்னா டிக்கெட்டே வேணாம். 11 வயசு பையனுக்கு பெர்த் கேட்டா முழு டிக்கெட், பெர்த் வேணாம்னா அரை டிக்கெட், பலபேரு இதைத் தெரியாம முழுசா கட்டிர்றாக. மாமியாருக்கு சலுகை இருக்குன்னு கணக்குப் போட்டுறாதீங்க, சீனியர் சிட்டிசன் சலுகையை 2020 மார்ச்சோட நிறுத்திட்டாக.

ரூம் வாடகை மே மாசம் ஊட்டி கொடைக்கானல்ல ஏறித்தான் இருக்கும். பரீட்சை முடிஞ்ச கையோட ஏப்ரல் கடைசியில, வாரநாளாப் பாத்து போனா அதே ரூம் குறைச்சு கிடைக்கும். புக் பண்றப்ப வரி எவ்வளவுன்னு பாருங்க, ஒரு நா வாடகை 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம்தான், முன்னாடி 12 இருந்துச்சு. இன்னும் 12 போட்டு பில் குடுத்தா கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க. சொந்தக்காரங்களோட சேந்து வேன் புடிக்கிறதா இருந்தா கிலோமீட்டர் ரேட்டு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலைக்கு தனி சார்ஜ் உண்டா எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிருங்க. மஞ்ச போர்டு வண்டியா மட்டும் புடிங்க, வெள்ள போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல சிக்கல் வரும்.

உங்க கணக்குல இந்த வருஷம் மிச்சம் கம்மின்னா ராமேஸ்வரம் போங்க. திருச்சியில இருந்து காரைக்குடி, மானாமதுரை வழியா போற ரயில் இருக்கு, சாதா டிக்கெட்டுல போயிரலாம். பாம்பன்ல புது பாலம் 2025 ஏப்ரல் 6ல திறந்தாக, கப்பல் போறதுக்கு நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேல தூக்குற பாலம், பையனை ஜன்னலோரம் உக்கார வைங்க. தனுஷ்கோடி, பேக்கரும்புல கலாம் நினைவிடம், கோயில்ல 22 தீர்த்தம், ரெண்டு நா சரியா இருக்கும். மொத நா சாப்பாட்டுக்கு புளியோதரை கட்டிக்கிட்டு, சீப்புச்சீடை, தேன்குழல் ஒரு டின்னு போட்டுக்கிட்டா வழியில கடையில வாங்குற செலவு பாதியாயிரும், மாமியாருக்கும் வயித்துக்கு ஒத்துக்கும். ஊட்டியை அடுத்த வருஷத்துக்கு வச்சு ஜூலையில ஆர்டி ஆரம்பிச்சிருங்க.

கேள்வி: அக்கா, ஒரு கடையில துணி எடுத்தப்ப கூப்பன் எழுதிப் போட்டோம். ரெண்டு நாள்ல போன், "மூணு நா டூர் ஃப்ரீ, குடும்பத்தோட ஹோட்டலுக்கு வாங்க"ன்னு. போனா மூணு மணி நேரம் பேசி, 65,000க்கு ஹாலிடே மெம்பர்ஷிப்ல கையெழுத்து வாங்கிட்டாக. இப்ப எந்த லீவுக்குக் கேட்டாலும் ரூம் இல்லங்குறாக. பணம் திரும்பக் கிடைக்குமா? (தேவகோட்டை)

பதில்: தம்பி, இதே மாதிரி என் நாத்தனார் வீட்லயும் நடந்துச்சு, அதனால உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. மொதல்ல அக்ரிமெண்டை எடுத்து பொறுமையா படிங்க. எந்த சீசன், வருஷத்துக்கு எத்தனை நா, வருஷா வருஷம் மெயின்டனன்ஸ்னு தனியா எவ்வளவு, கேன்சல் பண்ண எத்தனை நா டைம், இது எல்லாம் பொடி எழுத்துல இருக்கும். வாயால சொன்னது ஒண்ணு, தாள்ல இருக்குறது ஒண்ணா இருக்கும். நீங்க ரூம் கேட்ட தேதி, அவங்க இல்லன்னு சொன்ன மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, போன்ல பேசாதீங்க, இனிமே எல்லாம் ஈமெயில்ல. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு தேதி போட்டு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பதில் இல்லன்னா 1915ங்குற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி சென்னையில இருந்தாலும் சரி. குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல, ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பாக்கி தவணை இருந்தா பேங்க்ல போய் தானா புடிக்கிறதை நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி அது லோனா போட்டுருக்கான்னு பாத்துக்கங்க, லோனா இருந்து நிறுத்துனா, அடுத்து கடன் கேக்குறப்ப பேங்க்ல பாக்குற உங்க சிபில் ஸ்கோர் அடி வாங்கும். மத்தவங்களுக்கும் சொல்றேன், ஃப்ரீ டூருக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து வந்தே ஆகணும்னு சொன்னாலே போகாதீங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்னு நீங்க எந்திரிச்சு வந்துரக் கூடாதுங்குறதுக்குத்தான் அந்த கண்டிஷன்.

கேள்வி: கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்க ப்ரௌசிங் சென்டர்ல 300 ரூபா கேக்குறாக. அவ்வளவு ஆகுமா? (பள்ளத்தூர்)

பதில்: இ-பாஸ் இலவசம்மா. ஹைகோர்ட்டு சொன்னதால 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது, அரசாங்க வெப்சைட்டுல போன்லயே எடுத்துக்கலாம், வண்டி நம்பர், எத்தனை பேரு, என்னைக்குப் போறீங்க, எங்க தங்குறீங்கன்னுதான் கேக்கும். 2025ல ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னும் வச்சாக, கொடைக்கானலுக்கு வாரநாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000. அதனால ரூமுக்கு அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி பாஸ் கிடைக்குதான்னு பாத்துருங்க. கவர்மெண்ட் பஸ்ல போறதா இருந்தா பாஸே வேணாம். சென்டர்ல டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துக் குடுத்ததுக்கு 30, 40 குடுக்கலாம், 300 குடுக்காதீங்க.