பீர் ஊற்றினால் மட்டும் ரொட்டி பொங்காது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மைதாவில் பீர் ஊற்றி, புரோட்டாவுக்கு மாதிரி நன்றாக அடித்துப் பிசைந்து, ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். பொங்கவே இல்லை. சுட்டெடுத்தால் கல். எங்கே தவறு? பீருக்குப் பதில் பதநீர் ஊற்றலாமா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

பீர் ஈஸ்ட்டால் நொதித்த பானம், அதனால் மாவும் பொங்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில் பீரைப் பெரும்பாலும் வடிகட்டி, சூடுகாட்டித்தான் அடைக்கிறார்கள். மாவைப் பொங்கவைக்கிற அளவுக்கு உயிருள்ள ஈஸ்ட் அதில் மிஞ்சாது. போதாக்குறைக்கு, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ், புளிக்கவைக்கும் பாக்டீரியாவையும் அடக்கும். ராத்திரி முழுக்க வைத்தும் ஒன்றும் நடக்காததற்கு இதுதான் காரணம்.

இந்த ரொட்டியை எழுப்புவது பேக்கிங் பவுடர். பீரின் நுரை கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுச் செய்முறைகளில் 'செல்ஃப் ரைசிங்' மாவு என்று போட்டிருக்கும். பேக்கிங் பவுடர் முன்கூட்டியே கலந்த மாவு அது. நம் மளிகைக்கடை மைதாவில் அது கிடையாது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

375 கிராம் மைதா (சுமார் 3 கப்), நாலரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு, 3 மேசைக்கரண்டி சர்க்கரை, 330 மி.லி. பீர். பெரிய பாட்டில் 650 மி.லி. இருக்கும், அதில் பாதி போதும். கசப்பு குறைந்த லைட் பீராக வாங்குங்கள். ஸ்ட்ராங் பீரால் ரொட்டிக்கு எந்த லாபமும் இல்லை. சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, ரெண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினால் பீரின் மால்ட் வாசத்தோடு அருமையாகச் சேரும். ஊற்றுகிற நீரின் அளவுக்குப் பீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டும் என்கிற இடத்தில் ஆப்பச்சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள். சோப்பு வாடை அடிக்கும். பாக்கெட் பிரித்து நாளாகியிருந்தால் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். குபுகுபுவென நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம், பிசைவது. புரோட்டாவுக்கு இழுபடும் தன்மை வேண்டும், அதனால் அடித்துப் பிசைகிறோம். இந்த ரொட்டிக்கு அதுவே எதிரி. உலர்ந்த பொருட்களைக் கலந்து, பீரை ஊற்றி, கரண்டியால் உலர்மாவு தெரியாத அளவுக்குக் கிளறினால் போதும். அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும். உளுந்தவடை மாவின் பதத்தில், ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுவதால் மாவைக் காக்கவைக்கக் கூடாது. ஓவனை 180 டிகிரிக்கு முதலிலேயே சூடாக்கிவிட்டு, அதன்பிறகு பீர் பாட்டிலைத் திறங்கள்.

வெண்ணெய் தடவிய டின்னில் கொட்டி, மேலே 50 கிராம் உருக்கிய வெண்ணெய் ஊற்றி, 45 முதல் 50 நிமிடம் சுடுங்கள். நடுவில் குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான பாத்திரத்தில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம். மேல்பக்கம் வெளுத்திருக்கும், துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வெண்ணெயோடு வாட்டிவிடலாம். ஜாமைவிட நம் சொதியில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் எனக்குப் பிடிக்கும். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் அந்த லேசான கசப்பை அழகாகத் தணிக்கும்.

பதநீர் நொதிக்காமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். ஆகவே அது மாவைப் புளிக்கவைக்காது. ஆனாலும் எழுப்புவது பேக்கிங் பவுடர் என்பதால் தாராளமாக ஊற்றலாம். சர்க்கரையை விட்டுவிடுங்கள், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், கண் வைத்திருங்கள். கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம். வெந்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது சரியல்ல. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலந்து அரை மணி நேரம் வேகவைத்த உணவில் 35 சதவீதமும், ஒரு மணி நேரம் வேகவைத்ததில் 25 சதவீதமும் தங்கும். ஒரு துண்டில் இருப்பது மிகச் சொற்பம். இருந்தாலும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குடியை விட்டவர்களுக்கும் பீர் ரொட்டியைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்காக அதே அளவில் இனிப்பில்லாத சோடாவை ஊற்றித் தனியாக ஒன்று சுடுங்கள். அதுவும் இதே மாதிரி எழும்பும்.