கனடாவில் பூர்வகுடிச் சமூகக் கூடத்தைப் புதுப்பிக்க ஏன் சுற்றுச்சூழல் ஆய்வு?

ஒரு வேலையால் மண்ணுக்கும் நீருக்கும் மக்களின் உடல்நலத்துக்கும் பெரிய கேடு வருமா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் இந்த ஆய்வு. 2019-ஆம் ஆண்டுத் தாக்க மதிப்பீட்டுச் சட்டப்படி பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும் கூட்டரசு (நாட்டின் மைய அரசு) நிலங்களே. அங்கே நடக்கும் வேலைக்குக் கூட்டரசு பணமோ அனுமதியோ தருமுன் இதைச் செய்தாக வேண்டும். சில சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு.

பழைய கட்டடம்தானே என்று தோன்றலாம். ஆபத்தே அந்தப் பழமையில்தான்: உடைத்தால் கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி, சுரண்டினால் ஈயப் பெயின்ட். சுவரைத் துளைக்குமுன் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்ப்போமே, அதுபோல. அந்த மக்கள் தரும் பாரம்பரிய அறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் பார்வையில் இதுவே முதன்மையானது.

இந்த ஆய்வுகளுக்கான அரசு இணையப் பதிவேட்டில் அறிவிப்பு வந்து 30 நாளாவது கழிந்த பிறகே முடிவு. அங்கே ஒரு வேலையின் பெயர் வந்தாலே அது மாசுபடுத்தும் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கருத்துக் கேட்கிறார்கள் என்பது மட்டுமே அதன் பொருள்.