இரவில் அறைக்குள் என்ன நடந்தது? டேட்டா லாகர் பற்றிய கேள்வி–பதில்

தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய பெட்டி. உள்ளே ஓர் உணரி, ஒரு கடிகாரம், கொஞ்சம் நினைவகம், ஒரு லித்தியம் செல். சொன்ன இடைவெளியில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் பிறகு கணினியிலோ கைபேசியிலோ கோட்டுப்படமாகப் பார்க்கலாம். டேட்டா லாகர் அவ்வளவுதான். இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் மருந்துக் கடையிலிருந்து வீணை வரை நீள்கின்றன. கீழே வரும் 'டிகிரி' எல்லாம், வேறு சொல்லாத இடங்களில், செல்சியஸ்.

எங்கள் கடைச் சுவரில் வெப்பமானி தொங்குகிறது. காலை, மாலை இரு வேளையும் நோட்டில் எழுதி வைக்கிறோம். அதற்கு மேல் லாகர் எதற்கு? – மருந்துக் கடை உரிமையாளர், திண்டுக்கல்

நோட்டில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அது நல்ல பழக்கம். ஆனால் நீங்கள் எழுதுவது கடை திறந்ததும் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டர் மூடியிருக்கும்போது, மின்விசிறியும் ஓடாத அந்த அறையில் அலமாரியின் மேல்தட்டு எவ்வளவு சூடேறியது என்று அந்த நோட்டு சொல்லாது. '30 டிகிரிக்கு மிகாமல் வைக்கவும்' என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் மாத்திரைகள் அங்கேதான் அடுக்கியிருக்கின்றன.

இன்னொன்று. மாதக் கடைசியில் சராசரி போட்டுப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பகல் 38, இரவு 22 என்றால் சராசரி 30 என்று வரும். மருந்து கெடும் வேகம் அப்படிச் சமமாகக் கழிந்துபோவதில்லை. சூடு ஏறிய மணி நேரங்களில் நடந்த சேதத்தைக் குளிர்ந்த மணி நேரங்கள் ஈடுகட்டா. கோட்டுப்படத்தின் உச்சியைப் பாருங்கள், அந்த உச்சியில் எத்தனை மணி நேரம் நின்றது என்று பாருங்கள்.

எங்கள் பொறுப்பில் சுமார் நானூறு ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. நன்கொடையாளர் ஒருவர் ஏ.சி. போட்டுக் கொடுத்தார். காலை 10 முதல் மாலை 5 வரை ஓடுகிறது. இப்போதுதான் பூஞ்சை அதிகமாகத் தெரிகிறது. லாகர் வைத்தால் காரணம் தெரியுமா? – நூலகப் பொறுப்பாளர், கும்பகோணம் அருகே

தெரியும். பெரும்பாலும் என்ன தெரியும் என்பதை இப்போதே சொல்லிவிட முடியும், ஏனென்றால் இதே கோட்டுப்படத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பகலில் அறை 22 டிகிரிக்கு இறங்குகிறது. ஏ.சி. ஈரத்தையும் இழுத்து வெளியே விடுவதால் ஈரப்பதம் 50, 55 சதவீதம் என்று நன்றாகவே இருக்கும். ஐந்து மணிக்கு நிறுத்துகிறீர்கள். ஜன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் வெளிக்காற்று மெல்ல நுழைகிறது. காவிரிக் கரையில் மழைக்கால இரவுக் காற்று 28 டிகிரியும் 85 சதவீதமுமாக இருப்பது சாதாரணம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதுதான். பகல் முழுவதும் குளிர்ந்து கிடந்த இரும்பு பீரோ அப்போது 23 டிகிரியில் இருக்கிறது. பீரோவின் முதுகு ஈரமாகும். உள்ளே ஓலையின் விளிம்பு ஈரத்தைக் குடிக்கும். மறுநாள் காலை ஏ.சி. போட்டதும் மறுபடி காயும். வீங்கிச் சுருங்கி, வீங்கிச் சுருங்கி, கயிறு கோக்கும் துளையைச் சுற்றி ஓலை கீறிக்கொண்டு போகும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் இடத்தில் பூஞ்சைக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

மூன்று லாகர் வாங்குங்கள். ஒன்று அறையின் நடுவில், நெஞ்சு உயரத்தில். ஒன்று பீரோவுக்குள், சுவர்ப்பக்கம். மூன்றாவதைத் துணி சுற்றி மரப்பெட்டியில் வைத்திருக்கும் ஏதாவது ஒரு கட்டின் பக்கத்தில். இரண்டு வாரம் ஓடட்டும். மூன்று கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அறையின் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். பீரோவின் கோடு சற்றுத் தாமதமாக அதையே பின்தொடரும். பெட்டிக்குள் இருந்த கோடோ நிதானமாக, மெல்லிய அலையாகப் போகும். மரமும் பருத்தித் துணியும் ஈரத்தை வாங்கி வைத்துத் திருப்பித் தருவதால் வரும் அமைதி அது. சுவடியைத் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்த நம் முன்னோர் வழக்கத்தின் அருமையை அந்தக் கோட்டில் கண்ணால் காணலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

என் கருத்தைக் கேட்டால், இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்ட முடியாத ஏ.சி.யை ஏழு மணி நேரம் ஓட்டாதீர்கள். காற்றோட்டம், துணி, மரப்பெட்டி, மழைக்காலத்தில் ஈரம் நீக்கும் கருவி, இவை போதும். ஆனால் நன்கொடையாளரிடம் வாயால் சொன்னால் வருத்தப்படுவார். அந்த அச்சிட்ட தாளைக் காட்டுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் தடுப்பூசி வைத்திருக்கிறோம். லாகரை எங்கே வைப்பது? கதவில் ஒட்டலாமா? – செவிலியர், தனியார் குழந்தைகள் மருத்துவமனை, ஈரோடு

கதவில் வேண்டாம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களைப் பயமுறுத்தும். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், உறைபெட்டிக்கு அடியிலும் வேண்டாம். நடுத்தட்டில், தடுப்பூசி அட்டைப்பெட்டிகளுக்கு இடையில் வையுங்கள். வயரோடு கூடிய உணரி என்றால் அதன் முனையைக் கிளைக்கால் (glycol) என்னும் திரவம் நிறைத்த சிறு குப்பிக்குள் விட்டு வையுங்கள். காற்றின் சூடு நொடியில் மாறும். குப்பிக்குள் இருக்கும் மருந்தின் சூடு அப்படி மாறாது. நமக்கு வேண்டியது மருந்தின் சூடு.

வரம்பு 2 முதல் 8 டிகிரி என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் 8ஐத் தாண்டுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் அதிகம் அஞ்சுவது கீழ்ப்பக்கத்தை. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டி.டி. போன்ற அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகள் ஒரு முறை உறைந்தால் வீரியத்தை இழந்துவிடும். உருகிய பிறகு எத்தனை குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. குப்பியின் மேல் நிறம் மாறும் சிறு சதுரம் இருக்கிறதே, அது சூட்டை மட்டும்தான் காட்டும். உறைந்ததை அது காட்டாது. இரவு இரண்டு மணிக்கு உறைந்து காலை ஆறு மணிக்கு உருகிய குப்பி, ஒன்பது மணிக்கு உங்கள் கையில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

முப்பது நாள் பதிவுக் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எச்சரிக்கை அளவுகளே இதைச் சொல்கின்றன: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனால் எச்சரிக்கை, கழித்தல் 0.5 டிகிரிக்குக் கீழே என்றால் 60 நிமிடத்திலேயே எச்சரிக்கை. உங்கள் கருவியிலும் அப்படியே அமைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வந்த குப்பிகளைத் தூக்கி எறியவும் வேண்டாம், குழந்தைகளுக்குப் போடவும் வேண்டாம். 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதித் தனியே 2–8 டிகிரியிலேயே வைத்து, கோட்டுப்படத்தோடு தயாரிப்பாளரையோ மாவட்டத் தடுப்பூசிப் பொறுப்பாளரையோ கேளுங்கள். மின்சாரம் நின்றால், வந்து பார்க்கும் ஆவலில் கதவைத் திறக்காதீர்கள். அதற்காகத்தான் திரை வெளியே இருக்கும் கருவியை வாங்கச் சொல்கிறேன்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பதிய வேண்டும்? – பல வாசகர்கள்

அறைக்கு 15 அல்லது 30 நிமிடம். குளிர்சாதனப் பெட்டிக்கு 5 அல்லது 10. மூடிய பெட்டிக்கு ஒரு மணி நேரம்கூடப் போதும்.

கணக்கு எளிது. 16,000 பதிவு கொள்ளும் கருவி 10 நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிந்தால் 111 நாள் தாங்கும். ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 11 நாளில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும்: நிறுத்துவதா, பழையதை அழித்து மேலே எழுதுவதா? அதைக் கட்டாயம் பாருங்கள். வெகு தூரத்துக் கிடங்கு ஒன்றில் நான் வைத்துவிட்டு வந்த கருவி மேலே எழுதும் அமைப்பில் இருந்தது. நான் தேடிப் போன புயல் வாரம் அதில் இல்லை. எட்டு மாத உழைப்பில் வேண்டிய ஒரே வாரம் போய்விட்டது. இன்று நினைத்தாலும் மனம் கசக்கிறது.

ஒரே மேசையில் மூன்று லாகர்கள். ஒன்று 58 சதவீதம் காட்டுகிறது, ஒன்று 61, ஒன்று 67. எதை நம்புவது? – நூற்பாலைத் தர ஆய்வுக்கூட ஊழியர், கோயம்புத்தூர்

58, 61 இரண்டும் சண்டையே இல்லை. நடுத்தர விலைக் கருவிகள் மூன்று சதவீதம் கூடக்குறையக் காட்டலாம் என்று கையேட்டிலேயே இருக்கும். 67தான் கேள்விக்குரியது.

சமையலறையிலேயே சோதித்துவிடலாம். ஒரு சோடா மூடி நிறையத் தூள் உப்பு. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, கடற்கரை ஈரமணல் போல நசநசப்பாக நிற்க வேண்டும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் மூடியை நடுவில் வைத்து, சுற்றிலும் மூன்று லாகர்களையும் 10 நிமிட இடைவெளியில் ஓடவிட்டு, உப்புத் தண்ணீர் தொடாதபடி வைத்து மூடுங்கள். வெயில் படாத, மின்விசிறிக் காற்று அடிக்காத மூலையில் ஒரு நாள் இருக்கட்டும். திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. உள்ளே நடப்பதை அவையே எழுதிக்கொள்கின்றன. மறுநாள் கோட்டைப் பாருங்கள். ஏறி ஏறி ஓர் இடத்தில் சமதளமாக நிற்கும். நம் அறைச் சூட்டில் நிறைவுற்ற உப்புக் கரைசலின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில்தான் நிற்கும், அது இயற்கையின் கட்டளை. 81இல் நிற்கும் கருவி ஆறு சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள்தான் மழைக்காலத்தில் ஜாடியை நீர்விட வைக்கின்றன. அளவையும் அவை கெடுக்கும்.

இது ஒரு புள்ளிச் சோதனை. 75இல் சரியாகச் சொல்லும் கருவி 40இல் பிசகலாம். பஞ்சும் நூலும் சோதிக்கும் அறை 65 சதவீதத்தில், கூடக்குறைய இரண்டுக்குள் நிற்க வேண்டியது. அங்கே உப்பு டப்பாவோடு நிறுத்திக்கொள்ளாமல், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை அளவுதிருத்தம் செய்து சான்றிதழ் வாங்குங்கள். அந்தக் கருவிக்குப் பக்கத்தில் தின்னர், பெயின்ட், கிருமிநாசினித் தெளிப்பு எதுவும் வேண்டாம். ஈரப்பத உணரி மெல்லிய பாலிமர்ப் படலம். அந்த ஆவிகளைக் குடித்தால் தடுமாறும். உங்கள் 67க்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

வைஃபை வழியே கைபேசிக்கு அனுப்பும் லாகர் நல்லதா, யூஎஸ்பியில் செருகுவது நல்லதா? – சேலம்

நடு இரவில் நீங்கள் எழுந்து ஓடி ஏதாவது செய்ய முடியும் என்றால் வைஃபை. காலையில் பார்த்தால் போதும் என்றால் யூஎஸ்பி. விலை குறைவு, பேட்டரி நீண்ட நாள் வரும். எதை வாங்கினாலும், மின்சாரம் போகும்போது ரவுட்டரும் அணையும் என்பதை நினைவில் வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் தன்னுள்ளே பதிந்துகொண்டே இருக்கும் கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாரம்பரிய நெல், காய்கறி விதைகளைத் தகர டின்களில் சேமிக்கிறேன். டின்னுக்குள் லாகர் போட்டால் பயன் உண்டா? – விதை சேகரிப்பவர், திருவண்ணாமலை மாவட்டம்

மிகுந்த பயன் உண்டு, அதுவும் முதல் இரவிலேயே. விதையோடு கருவியையும் போட்டு இறுக மூடுங்கள். காலையில் உள்ளே 35, 40 சதவீதம் என்று நின்றால் விதை நன்றாகக் காய்ந்திருக்கிறது. 70ஐத் தொட்டால் அந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, விதையின் வயிற்றிலிருந்து வருகிறது. டின்னைத் திறந்து நிழலில் மறுபடி உலர்த்துங்கள். ஈர விதையைக் காற்றுப்புகாமல் அடைப்பது, திறந்து வைப்பதைவிடக் கெடுதல்.

விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று விதை அறிவியலாளர் ஹாரிங்டன் ஒரு தோராய விதி சொன்னார். பாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத எண்ணையும் கூட்டினால் 100க்குள் நிற்க வேண்டும் என்பதும் அவருடையது. உங்கள் ஊரில் 30 டிகிரி என்றாலே 86 பாரன்ஹீட். ஈரத்துக்கு மிச்சம் 14தான். ஆகவே அடுத்த பட்டம் வரை வைக்கும் விதைக்கு உலர்ந்த டின் போதும். பல ஆண்டு காக்க வேண்டிய அரிய ரகங்களை, காற்றுப்புகாத புட்டியில், குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கச்சேரிக்காக வீணையைக் காரில் எடுத்துச் செல்கிறேன். ஊர் போய்ச் சேரும்போது மெட்டுகள் (தண்டியின் மேல் வரிசையாக நிற்கும் உலோகக் கம்பிகள்) இடம் நகர்ந்திருக்கின்றன. வண்டி குலுங்கியதால்தான் என்கிறார் ஓட்டுநர். – வீணைக் கலைஞர், தஞ்சாவூர்

உறைக்குள், மெழுகு இருக்கும் பக்கமாக, ஒரு லாகரைத் துணியில் சுற்றி வைத்து இரண்டு நிமிட இடைவெளியில் ஓடவிடுங்கள். எங்கெங்கே நின்றீர்கள் என்று நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள். மெட்டுகளைத் தாங்கி நிற்பது மெழுகு; வெயிலில் நின்ற வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது எளிது, அந்தச் சூட்டில் மெழுகு இளகிவிடும். வழியில் மதிய உணவுக்கு நிறுத்திய அந்த முக்கால் மணி நேரத்தைக் கோட்டில் தேடுங்கள். அங்கே மலை போல ஓர் ஏற்றம் இருந்தால் ஓட்டுநர் மேல் குற்றமில்லை. அடுத்த முறை சாப்பிட இறங்கும்போது வீணையையும் கூடவே உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.