வாசகர் கேள்வி - பதில்: ஸ்மார்ட் ஜன்னல் ஏன் ஓரத்திலிருந்து கெடுகிறது?

கேள்வி: மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். மாலை வெயில் நேராக உள்ளே அடிக்கிறது. சுவிட்ச் போட்டால் தெளிந்து, அணைத்தால் வெள்ளையாக மங்கும் கண்ணாடி போட்டால் சூடு குறையுமா?

பதில்: பெரிதாகக் குறையாது. நீங்கள் சொல்வது பி.டி.எல்.சி. வகை. ஒரு பாலிமர் படலத்துக்குள் மைக்ரான் அளவுள்ள திரவப் படிகத் துளிகள் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசையில் நிற்பதால் ஒளி சிதறி, கண்ணாடி மங்கலாகத் தெரிகிறது. ஆனால் சிதறிய ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கித்தான், அதாவது உங்கள் அறைக்குள்தான் வருகிறது. யாரும் உள்ளே பார்க்கக் கூடாது என்றால் அருமையான பொருள், வெயிலுக்கு இல்லை.

வெயிலைக் குறைக்க வேண்டுமானால் ஒளியை உறிஞ்சுகிற வகை வேண்டும். ஒன்று எஸ்.பி.டி. மின்சாரம் கொடுத்தால் உள்ளிருக்கும் நுண்துகள்கள் வரிசையில் நின்று ஒளிக்கு வழிவிடும், அணைத்தால் சில நொடிகளில் இருண்டுவிடும். இன்னொன்று எலெக்ட்ரோகுரோமிக். சத்யேந்திர தேப் என்ற ஆய்வாளர் 1969-இல் டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தில் காட்டிய நிறமாற்றத்திலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. சில வோல்ட் கொடுத்தால் லித்தியம் அயனிகள் படலத்துக்குள் புகுந்து நீலமாக்கும், திசையை மாற்றினால் வெளியேறும். நல்ல தயாரிப்புகளில் ஒளி சுமார் 60 சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை இறங்கும், நடுவில் எந்த அளவிலும் நிறுத்தலாம். பெரிய ஜன்னல் முழுசாக மாறப் பல நிமிடங்கள் ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் ஜன்னலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் அலுவலக வெளிச்சுவரில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.டி.எல்.சி. ஃபிலிம் வைத்த ஜன்னல்கள். இரண்டே வருஷத்தில் ஓரங்களில் கோடு விழுந்து, ஒரு மூலை சுவிட்ச் போட்டாலும் தெளிவதே இல்லை. ஃபிலிம் மட்டமானதா?

பதில்: ஃபிலிமாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது விளிம்பை. இந்த மாதிரி ஜன்னலின் ஆயுள் நடுவில் தீர்மானமாவதில்லை, ஓரத்தில்தான் தீர்மானமாகிறது, இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஃபிலிமின் இருபுறமும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற மின்கடத்தும் பூச்சு இருக்கிறது, அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் செம்புப் பட்டை ஓரத்தில்தான் ஒட்டப்படுகிறது. ஈரம் முதலில் வருகிற இடமும் அதே ஓரம். ஈரம், மின்சாரம், உலோகம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அரிப்பு வராமல் என்ன செய்யும்? தெளியாத மூலையில் பெரும்பாலும் பட்டைக்கும் பூச்சுக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கும், அல்லது பூச்சிலேயே விரிசல் விட்டிருக்கும், அது உடையும் தன்மையுள்ள பொருள், வெட்டும்போதும் வளைக்கும்போதும் எளிதில் கீறும்.

அப்புறம், ஃபிலிமைக் கண்ணாடியோடு பிணைக்கும் ஒட்டுப் படலம். சாதாரண லேமினேட் கண்ணாடிக்குப் (இரண்டு கண்ணாடியை ஒட்டிச் செய்வது) போடும் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மானம், ஃபிலிமின் வெட்டுவாய் வழியாக மெதுவாக ஊறி உள்ளே போய்ப் படிகத் துளிகளைக் கெடுக்கும். ஓரக்கோடுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் ஈ.வி.ஏ. அல்லது டி.பி.யூ. என்ற வேறு பிளாஸ்டிக் படலம் போடுகிறார்கள். ஈ.வி.ஏ.வும் குறையில்லாதது அல்ல, நீண்ட நாள் சூட்டிலும் ஈரத்திலும் இருந்தால் அசிட்டிக் அமிலம் கக்கும்.

சரியாகச் செய்வதென்றால் ஃபிலிமைக் கண்ணாடியின் விளிம்புவரை கொண்டுபோகவே கூடாது. சில மில்லிமீட்டர் உள்ளே நிறுத்தி, சுற்றிலும் அதே தடிமனுள்ள ஒட்டுப் படலத்தை ஒரு சட்டம் மாதிரி வைத்து நிரப்ப வேண்டும், வயர் வருகிற இடம் தவிர ஃபிலிம் எங்குமே காற்றைப் பார்க்கக் கூடாது. ஃபிரேமில் ஒட்டும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசை வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் செம்பையும் பூச்சையும் தின்னும், அமிலம் விடாத நியூட்ரல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஃபிரேமின் அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும், கண்ணாடி சப்போர்ட் கட்டைமேல் உயர்ந்து உட்கார வேண்டும். எவ்வளவு நல்ல ஃபிலிமாக இருந்தாலும் அடி விளிம்பு தேங்கிய தண்ணீரில் நின்றால் ஒட்டு விட்டுவிடும். உங்கள் ஜன்னலில் முதலில் இந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கறுத்த கண்ணாடி வெயிலில் வெடிக்கும் என்கிறார்களே?

பதில்: வாய்ப்பு உண்டு. உறிஞ்சிய ஒளி வெப்பமாகத்தானே மாற வேண்டும். நடுப்பகுதி நன்றாகச் சூடாகி, ஃபிரேமுக்குள் இருக்கும் ஓரம் குளிர்ச்சியாகவே இருந்தால் அந்த வித்தியாசமே சாதாரணக் கண்ணாடியை ஓரத்திலிருந்து விரிசல் விட வைக்கும். ஆகவே வெப்பத்தால் வலுவூட்டிய கண்ணாடி வேண்டும், விளிம்பு தேய்த்து மழமழப்பாக்கியதாக. முழு டெம்பர்டு போட்டால் அதன் மேற்பரப்பில் லேசான அலை இருக்கும், அதை ஈடுகட்டத் தடிமனான ஒட்டுப் படலம் தேவை. வெப்பம் உள்ளே பரவாமல் இருக்க, இருளும் கண்ணாடியை வெளிப்பக்கம் வைத்து, இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு கண்ணாடி, குறைந்த வெப்பக்கதிர்வீச்சுப் பூச்சோடு. பூச்சு இல்லாமல் செய்தால் சூடான கண்ணாடியே அறைக்கு ஹீட்டர் ஆகிவிடும்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: பி.டி.எல்.சி. மங்கும், எஸ்.பி.டி. இருளும், எலெக்ட்ரோகுரோமிக் கடைசியாக இருந்த நிலையில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அவசரத்தில் வெளியே பார்த்தாக வேண்டிய இடத்தில் இதை வைத்துத்தான் வகையை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 20 வருஷம் உழைக்கும் என்று விற்பவர் சொல்கிறார். எதைக் கேட்டு நம்புவது?

பதில்: ஃபிலிமுக்கு அல்ல, லேமினேட் செய்து முடித்த முழுக் கண்ணாடிக்குச் சோதனை அறிக்கை கேளுங்கள். கேட்க வேண்டிய தரநிலைகள்: லேமினேட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 12543, எலெக்ட்ரோகுரோமிக்குக்கு ஐ.எஸ்.ஓ. 18543 அல்லது ஏ.எஸ்.டி.எம். ஈ2141. எலெக்ட்ரோகுரோமிக்கில் 50,000 முறை மாற்றிப் பார்ப்பது வழக்கம். ஒரு நாளைக்கு 5 முறை மாற்றினால் 10,000 நாள், ஏறக்குறைய 27 வருஷம். எண்ணிக்கை மட்டும் போதாது, வெப்பத்திலும் வெயிலைப் போன்ற ஒளி தரும் விளக்கின் கீழும் வைத்து மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. பி.டி.எல்.சி. என்றால் இரண்டு கேள்வி கூடுதலாக. எத்தனை டிகிரி வரை வேலை செய்யும்? அந்த எல்லையைத் தாண்டினால் திரவப் படிகம் சாதாரணத் திரவமாகி, அணைத்தாலும் மங்காது. மின்சாரம் கொடுக்கும் பெட்டி சுத்தமான ஏ.சி. தருகிறதா? டி.சி. கலந்தால் அயனிகள் ஒருபக்கமாக நகர்ந்து ஃபிலிம் சீக்கிரம் கெடும். அந்தப் பெட்டி கண்ணாடியைவிடப் பல வருஷம் முன்னாடியே பழுதாகும், அதனால் சுவரை உடைக்காமல் கழற்றி மாற்றுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.