அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால்

வணக்கம் அம்மா,

மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 158 என்றும், "சீட் தீர்ந்துவிடும், இந்த வாரமே 50,000 கட்டிவிடுங்கள்" என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் தினமும் போன் செய்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் ஒவ்வோர் ஆண்டும் பல ஆயிரம் இடங்கள் நிரம்பாமலேயே கிடக்கின்றன.

தனியார் கல்லூரி என்பதற்காக நீங்கள் வருந்தவும் வேண்டாம். 1980-களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் சின்ன ஊர்ப் பிள்ளைகள் பெருவாரியாகப் பொறியியலுக்கு வந்தார்கள். இன்று கவுன்சலிங்கில் இருக்கும் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவைதான். எந்த வழியாக உள்ளே போகிறோம் என்பதுதான் முக்கியம்.

சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைதான். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்காரும், அதே தேர்வைத்தான் எழுதும், ஆனால் செலவு அதிகம். உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விடுதிச் செலவு உட்பட அரசே ஏற்கும். இவையெல்லாம் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்கில் வராது, கட்டணத்தையும் அவையே நிர்ணயித்துக்கொள்ளும்.

சரி, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டடத்தையும் பேருந்துகளின் எண்ணிக்கையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அங்கே தேர்ச்சி விகிதத்தை மட்டும் நம்ப முடியாது. என்.பி.ஏ. (தேசிய தர அங்கீகார வாரியம்) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. மகள் சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பேராசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருந்தது 2024-ல் வெளியே வந்தது. அதனால் ஆசிரியர் பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது. வேலை நாளில் ஒருமுறை நேரில் போய், கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் பேச்சுக் கொடுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, லேபில் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். அப்புறம், பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்கும்போது அதிகபட்சச் சம்பளம் வேண்டாம். அந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு, என்ன வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

நன்கொடை கேட்டால் மறுத்துவிடுங்கள். 1992-லிருந்தே தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சான்றிதழ்களின் அசலைச் சரிபார்ப்புக்குக் காட்டுங்கள், ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்த வாரம் மகளோடு உட்கார்ந்து விருப்பப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். முந்தைய ஆண்டில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் (பி.சி., எம்.பி.சி. போன்றவை) 158-க்குக் கிடைத்த கல்லூரிகளோடு, அதற்குச் சற்று மேலே உள்ளவற்றையும் சேர்த்து, அவள் ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். பட்டியலை இணையத்தில் இறுதியாக்கிப் பூட்டுவதற்கு (லாக் செய்வதற்கு) முன் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.