மகளின் போட்டிக்குக் குடும்பமாகக் கொழும்பு

அன்புள்ள அக்கா,

முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் கோல் காக்கிறாள். மாகாணத்தில் வென்று அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். அணி பாடசாலை பஸ்ஸில் போகும். நாங்களும் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான், இவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயதுச் சின்னவள், அப்புறம் மாமி. மாமிக்கு முழங்கால் நோவு, ஆனால் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. "பிள்ளையை ரீச்சர்மார் கூட்டிக்கொண்டு போகினம்தானே, நாங்கள் ஏன் காசைக் கரைப்பான்" என்கிறார் இவர். மகளோ "நீங்கள் வந்தால் எனக்குக் கை நடுங்கும், வராதீங்கோ" என்கிறாள். கொழும்புக்கு நாங்கள் போனதெல்லாம் மாமாவை மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான், வேறு ஒரு இடமும் தெரியாது. வெள்ளவத்தையில் இவரின் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறா. அங்கே தங்குவதா, அறை எடுப்பதா? ரயிலா, பஸ்ஸா? சின்னதுகளுக்கு என்ன காட்டலாம்? இவ்வளவு தூரம் போகிறோம், கண்டியையும் பார்த்துவிட்டு வரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். ரயில், அறை எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறேன், முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொழும்புக்குப் போனதெல்லாம் மகரகமவுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் எந்த வீட்டில் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். புற்றுநோய் ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி, விசா அலுவல், வெளிநாடு போகிற தம்பியை ஏற்றிவிடக் கட்டுநாயக்க. அதற்கும் முந்தின காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, கொழும்பில் போய்ப் பொலிஸ் பதிவுக்கு அலைந்து, அலுவல் முடிந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்தவர்கள் நாங்கள். அந்த நகரத்துக்கு உங்கள் குடும்பம் இப்போதுதான் ஒரு சந்தோசத்துக்காகப் போகப்போகிறது. நெல்லு விற்ற காசோ கடையில் நின்று உழைத்த காசோ எனக்குத் தெரியாது, எதுவாக இருந்தாலும் ஐந்து பேர் போய்வருவது சின்னச் செலவில்லை. அவர் யோசிப்பது சரிதான். ஆனாலும் இதைக் கரைக்கிற காசு என்று நான் சொல்லமாட்டேன். ஓ.எல். பரீட்சை கிட்ட வர வர எத்தனை பெண்பிள்ளைகளை "இனி விளையாட்டுப் போதும்" என்று வீட்டில் மறித்துவிடுகிறார்கள், உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். மாமா சொல்வார், பெரியப்பா சொல்வார், ரியூசன் சேரும் சொல்வார். தகப்பன் ஒரு தடவை தன் பிள்ளை பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடிப்பதைக் கண்ணால் கண்டுவிட்டால், பிறகு அவர்கள் சொல்வதற்கெல்லாம் இலேசில் தலையாட்டமாட்டார். நான் இந்தப் பயணத்தைப் போங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதற்காகத்தான்.

மகள் வராதீங்கோ என்பதைத் தட்டிக்கழிக்க வேண்டாம், அதே நேரம் அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். கோல் காக்கிற பிள்ளைக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பாரம் உண்டு. முன்னுக்கு விளையாடுகிறவள் பத்துத் தடவை தவறவிட்டாலும் ஒருவருக்கும் நினைவிருக்காது, இவள் ஒன்றைத் தவறவிட்டால் மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதை அம்மாவும் அப்பாவும் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் அவளின் பயம், உங்களைப் பிடிக்காமல் சொல்லவில்லை. இருத்தி வைத்துக் கேளுங்கள்: நாங்கள் எங்கே இருந்தால் உனக்குப் பரவாயில்லை? பெரும்பாலும் "கோலுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீங்கோ" என்பாள். நில்லாதீர்கள். நடுக்கோட்டுக்கு நேரே, படிகளில் மேலே இருங்கள். பெயர் சொல்லிக் கத்த வேண்டாம், "வலப்பக்கம் போ, வெளியே வா" என்று இவர் அங்கிருந்து பயிற்சி கொடுக்கவே வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்ல ரீச்சர் இருக்கிறா. போட்டிக்கு முன் அவளைத் தேடிப் போகாதீர்கள், சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். விடிய எழும்பி அவித்த புட்டும் முட்டைப்பொரியலும் அன்பால்தான் வருகிறது என்றாலும், அதைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணித்தியாலத்தில் பாய்ந்து விழ முடியாது. ஆசை தீரக் கொடுக்க வேண்டுமென்றால் ரீச்சரிடம் கேட்டுவிட்டு முழு அணிக்கும் தோடம்பழம் வாங்கி, வெட்டி, இடைவேளைக்குக் கொடுத்துவிடுங்கள். பதினைந்து இருபது பிள்ளைகள் உங்கள் கையால் சாப்பிடும்போது உங்கள் மகளுக்கு வெட்கமும் குறைந்துவிடும்.

தோற்றாலும் அப்படித்தான். கொழும்பு, குருநாகல் பக்கத்து அணிகள் பலமாக வரலாம், ஐந்து கோலும் விழலாம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அவளாகப் பேசினால் கேளுங்கள்.

சரி, இனி அலுவல்.

முதலில் ரீச்சரிடம் அட்டவணை கேளுங்கள், சும்மா "மூன்று நாள்" என்ற தகவல் போதாது. குழுக்களாகப் பிரித்து விளையாடுகிறார்களா, முதல் போட்டியிலேயே தோற்றால் வெளியேறுவதா? குழு என்றால் குறைந்தது இரண்டு மூன்று போட்டி நிச்சயம், வெள்ளியும் சனியும் மைதானத்திலேயே போகும். தோற்றால் வெளியே என்றால் வெள்ளி மத்தியானத்தோடு எல்லாம் முடியவும் கூடும். இது தெரியாமல் எந்த நேரத்துக்கும் எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள். மழை வந்தால் போட்டிகள் பிந்தும், கொழும்பில் பின்னேர மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வியாழன் பகலிலேயே போய்ச் சேருங்கள். இரவு பஸ் ஏறி வெள்ளி விடியப் போய் இறங்கலாம் என்று இவர் சொல்வார், ஒரு நாள் வாடகை மிச்சம் என்று கணக்கும் காட்டுவார். சின்னவள் நித்திரை இல்லாமல் அழ, மாமி கால் வீங்கி நிற்க, நீங்கள் இரண்டு பேரும் எரிச்சலில் மைதானத்தைத் தேடி அலைவீர்கள், அந்த மிச்சம் வேண்டாம். மகனுக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகும், போகட்டும். முல்லைத்தீவிலிருந்து நேரே பஸ் இருந்தாலும் மாமிக்காக மாங்குளம் வந்து ரயில் எடுப்பதுதான் நல்லது, காலை நீட்டலாம், எழும்பி நடக்கலாம், மலசலகூடம் இருக்கிறது. இருக்கை முற்பதிவு கெதியாய் முடிந்துவிடும், வார இறுதியை ஒட்டி வருகிற ரயில் என்றால் சொல்லவே வேண்டாம். நேரங்கள் அடிக்கடி மாறுவதால் நிலையத்தில் கேட்டே பதியுங்கள், எந்த ரயில் மாங்குளத்தில் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்பி வருவதை ஞாயிறு இரவுக்கு அல்லது திங்களுக்கு வையுங்கள். அணி இறுதிப் போட்டிக்குப் போய், நீங்கள் மத்தியான ரயிலுக்கு ஓட வேண்டி வந்தால் வாழ்நாள் முழுக்க மனம் ஆறாது.

தங்குமிடத்துக்கு வெள்ளவத்தை பொருத்தமான இடம். ரேஸ்கோர்ஸ் கொழும்பு 7இல் இருக்கிறது, அங்கிருந்து ஓட்டோவில் அதிக தூரமில்லை. பிக்மீ செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் ஏறமுதலே விலை தெரியும், மொழி தெரியாமல் பேரம் பேசத் தேவையில்லை. ஐந்து பேருக்கு ஒரு ஓட்டோ நெருக்கம், கார் பாருங்கள். சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடில்லை, இடியப்பமும் தோசையும் நம்மவர் கடைகளில் காலையிலேயே கிடைக்கும், மாமியோடு தமிழில் பேச ஆட்கள் இருப்பார்கள், விடிய மயூராபதி அம்மன் கோவிலுக்கும் போய்வரலாம்.

ஆனால் மச்சாள் வீட்டில் தங்குவதை நான் விரும்பவில்லை. மச்சாள் நல்லவவாகத்தான் இருப்பா. ஆனால் உறவினர் வீட்டில் தங்கினால் அந்த வீட்டு நேரத்துக்குத்தான் நீங்கள் நடக்க வேண்டும்: அவர்கள் சமைத்து வைத்திருப்பார்கள், இன்னார் வீட்டுக்கும் ஒருக்கால் போகாவிட்டால் குறை நினைப்பார்கள், சனி காலை ஒன்பது மணிப் போட்டிக்கு எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் "சாப்பிடாமல் போறியளோ" என்று மனம் நோவார்கள். வெள்ளவத்தையில் சின்னச் சமையலறையோடு நாள் வாடகைக்கு அறைகள் கிடைக்கும், மச்சாளிடமே விசாரித்துத் தரச்சொல்லுங்கள், வியாழன் இரவு அவ வீட்டில் வடிவாக இருந்து சாப்பிடுங்கள், கதையுங்கள். அறை எடுக்கும்போது இரண்டு கேள்வி கட்டாயம்: எத்தனையாவது மாடி, லிப்ட் வேலை செய்கிறதா? மலசலகூடம் கதிரை மாதிரி இருக்கிறதா? மாமியின் முழங்காலுக்கு இந்த இரண்டும் சரியில்லையென்றால் மற்ற எல்லா வசதியும் வீண். கையில் காசு போதாதென்றால் மச்சாள் வீட்டிலேயே தங்குங்கள், ஆனால் போட்டி நேரங்களை முதலே போனில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சின்னதுகளுக்கு நிறையக் காட்ட வேண்டியதில்லை. மைதானமே அவர்களுக்குப் பெரிய காட்சிதான். மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: அவன் அக்கா விளையாடுகிற அந்த இடம் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம், 1942 ஏப்ரல் 5 ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரிட்டிஷ் போர் விமானங்கள் அங்கிருந்தும் கிளம்பின. போட்டிகளுக்கு நடுவே நான்கைந்து மணித்தியாலம் இடைவெளி கிடைத்தால் தேசிய நூதனசாலை பக்கத்திலேயே இருக்கிறது, 1877இல் திறந்தது. அங்கே காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்து வைத்தது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியிருக்கிறது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரையில் கோவில்கொண்ட தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு. அறுநூறு வருடத்துக்கு முன் சீனாவிலிருந்து வந்தவன் இந்தத் தீவில் தமிழிலும் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறான், ஒன்பது வயதுப் பிள்ளை அதை நேரில் பார்க்கட்டும். சின்னவளுக்கு எதிரே விகாரமகாதேவிப் பூங்கா, மாமி நிழலில் இருக்கலாம்.

ஒரு பின்னேரம் காலிமுகத்திடல். முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் புதிதில்லை, ஆனால் துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற பெரிய கப்பல்களும் பட்டமும் இறால் வடையும் புதிது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை அணி முன்கூட்டியே வெளியேறினால் மட்டும் யோசியுங்கள். அதற்கு முழு நாள் வேண்டும், மாமியால் அவ்வளவு நடக்கவும் முடியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானை வயலை மிதித்ததைக் கண்ட பிள்ளைகள் யானை பார்க்காமல் ஏங்கப்போவதில்லை.

கண்டி வேண்டாம். கொழும்பிலிருந்து போகவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல், வருவதற்கும் அவ்வளவு, நடுவில் ஒரு போட்டியைத் தவறவிடுவீர்கள். நம்முடைய ஏ9 வீதி நேரே கண்டிக்குத்தான் போகிறது. ஒரு டிசம்பர் விடுமுறையில் தம்புள்ளை, மாத்தளை முத்துமாரியம்மன் என்று வழி நெடுக நின்று நின்று போகலாம். அப்போது மகளும் கூட வருவாள், இந்தத் தடவை அவளுக்கு அணியோடுதான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போட்டி முடிந்ததும் மகளை உங்களோடு கூட்டிக்கொண்டு வர நினைத்தால், பாடசாலைப் பொறுப்பில் போன பிள்ளையை ரீச்சர் கையால் தந்துவிட முடியாது. பொறுப்பு அவவுடையது, அவவைச் சங்கடப்படுத்தக் கூடாது. அதிபருக்கு நீங்கள் இருவரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் பொறுப்பெடுப்பீர்கள் என்று அதில் இருக்கட்டும், ஒரு பிரதியை ரீச்சரிடமும் கொடுங்கள். அதற்கு முன் மகளைக் கேளுங்கள். வென்றாலும் தோற்றாலும் கூட்டாளிகளோடு பஸ்ஸில் பாடிக்கொண்டு வரவே அவளுக்கு விருப்பமாக இருக்கலாம். அப்படியென்றால் கடிதம் தேவையில்லை, ரயிலில் அவளுக்கும் சேர்த்து இருக்கை பதிய வேண்டாம்.