மீனுக்கு எல்லை தெரியுமா?

அன்புள்ள ஐயா,

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் சேலத்தில் வஞ்சிரம் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. 61 நாளுக்கே இந்தக் கதி. மன்னார் வளைகுடாவிலோ 21 தீவுகளைச் சுற்றி வருடம் முழுக்க வலை போடக்கூடாதாம். பிடிக்கிற இடத்தைக் குறைத்தால் மீன் பெருகும் என்பது என்ன கணக்கு? மீனுக்கு எல்லை தெரியுமா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

தெரியாது. தெரியாததால்தான் அந்தக் கணக்கு பலிக்கிறது. உங்கள் ஊர்க் காட்டெருமை காப்புக்காட்டோடு நிற்காமல் காப்பித் தோட்டத்துக்குள் இறங்குகிறதல்லவா? உள்ளே பெருகிய மீனும் அப்படித்தான் வெளியே வரும்.

ஆனால் அதைவிடப் பெரிய லாபம் முட்டையில் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் நம் சங்கராவுக்கு உறவான ஒரு மீன் உண்டு. அதில் 61 செ.மீ. தாய்மீன் ஒன்று இடும் முட்டையை ஈடுகட்ட, 42 செ.மீ. மீன்கள் 212 வேண்டும். எங்கே ஓயாமல் வலை விழுகிறதோ அங்கே மீன் அந்த அளவை எட்டுவதே இல்லை. தடை செய்த இடத்தில் எட்டும். அதன் குஞ்சுகளை நீரோட்டம் வெளியே கொண்டுபோகும். ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் மரபணுவை வைத்துக் குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் தேடினார்கள். 2012இல் முடிவு வந்தது: பவளப்பாறையில் 28 சதவீதம்தான் தடைப்பகுதி, ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஆய்வு செய்த இரண்டு வகை மீன்களின் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி அங்கே பிறந்தவை. அதில் ஒன்று களவா இனம்.

களவா பவளப்பாறையை விட்டு அதிகம் நகராது, அதனால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. வஞ்சிரம் ஊர்சுற்றி. தீவோரத் தடையை நம்பி அதன் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பலன் வரப் பல வருடம் ஆகும், நஷ்டம் முதல் நாளே வந்துவிடும். உள்ளே போக முடியாத படகுகள் வெளியே நெருக்கியடித்தால் அங்கே மீன் இன்னும் குறையும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவானது 1986இல். தலைமுறையாக அந்தத் தீவுகளில் முங்கிப் பாசி எடுத்த பெண்கள் அதன்பிறகு சட்டத்தை மீறியவர்களாகிவிட்டார்கள். மடிவலை இழுக்கும் விசைப்படகையும் கையால் பாசி பறிக்கும் பெண்ணையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், உங்கள் வஞ்சிரம். கிழக்குக் கரையில் ஜூன் 14 வரை தடை. அதுவரை மேட்டூர் அணை மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.